இரக்கமா? நீதியா?

"பாவம்!" என்றொரு சொல் தமிழில் உண்டு. பேறுகாலத்தில் ஒருத்தி மாண்டாள் என்ற செய்தி தெருவில் பரவியதும், திண்ணைதோறும் எழுகின்ற சொல் அது. அதே சொல்லைத்தான், "முற்பிறப்பில் செய்த பாவம்" என்று புரோகிதனும் புகல்கிறான். இரங்குவோன் நாவிலும் பாவம். பழிப்போன் நாவிலும் பாவம்! ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். மற்றொருவன் கையைக் கழுவிக்கொள்கிறான். இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அவள் ஏன் இறந்தாள்?

இந்தக் கேள்வியைக் கேட்பது மருத்துவர் வேலை, ஆட்சியாளர் வேலை, படித்துப் பட்டம் பெற்ற பெரியோர் வேலை. பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த பெண்களின் உடல்நலத்துக்காக ஒரு மாணவி வாய் திறந்தால், "இரக்க குணம் உள்ள பெண்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவோர் இன்னும் பலர். முன்னவர் அவள் வாயை மூடுகிறார்கள். பின்னவரோ அவள் சொன்னதன் பொருளையே மாற்றிவிடுகிறார்கள். அவள் கேட்டது இரக்கமா, நீதியா? இதுதான் நாம் ஆராய வேண்டிய செய்தி.

இதற்கு விடை தேட, மராட்டிய மண்ணுக்குச் செல்வோம்.

புனே நகரம். பேஷ்வாக்களின் ஆட்சி 1818-இல் வீழ்ந்துவிட்டது. ஆனால் பேஷ்வாக்கள் காத்த வருணமுறை வீழவில்லை. தீண்டப்படாதவன் தன் எச்சிலை மண்ணில் உமிழாமலிருக்கக் கழுத்தில் கலயத்தையும், தன் காலடித் தடத்தை அழித்துச் செல்ல இடுப்பில் துடைப்பத்தையும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த நகரம் அது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அந்நகரில்தான் 1848-இல் சோதிராவ் புலேவும் அவர் துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் தீண்டப்படாதார் என்று தள்ளிவைக்கப்பட்ட மாங், மகார் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறந்தனர். அப்பள்ளியில் படித்த மாங் வகுப்புச் சிறுமி ஒருத்தி. முக்தா என்பது பெயர். முக்தா சால்வே என்று வரலாறு அவளைக் குறிக்கிறது. பதினான்கு வயதைத் தாண்டாத அம்மாணவி, மாங், மகார் மக்களின் துயரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' என்னும் மராத்தி இதழ் 1855-இல் அதை வெளியிட்டது.

வேதம் எங்களுக்கே உரியது, நீங்கள் பார்க்கவும் கூடாது என்றால், வேதம் இல்லாத எங்களுக்கு மதமும் இல்லை என்றுதானே பொருள் என்று அச்சிறுமி கேட்டாள். ஒரு சிலருக்கே உரிமை வழங்கி, மற்றவரைத் தள்ளிவைக்கும் மதம் மண்மீது இல்லாமல் ஒழியட்டும் என்று எழுதினாள். ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' எழுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னே எழுந்த குரல் இது! பகுத்தறிவு ஒரு மாநிலத்தின் தனிச்சொத்து அன்று. அடிபட்டவன் எங்கெல்லாம் சிந்திக்கத் தொடங்குகிறானோ அங்கெல்லாம் அது முளைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அக்கட்டுரையில் நம் தோழர்கள் பலரும் மதத்தைப் பற்றிய பகுதியையே எடுத்துக்காட்டுவர். நான் சுட்ட விரும்புவது வேறொரு பகுதி. தம் வகுப்புப் பெண்கள் பிள்ளை பெறும்போது தலைக்குமேல் கூரைகூட இல்லை என்கிறாள் முக்தா. மழையிலும் குளிரிலும் கிடந்து அவர்கள் படும் பாட்டை, நீங்கள் பட்ட பாட்டை வைத்தேனும் எண்ணிப் பாருங்கள் என்கிறாள். அந்நேரத்தில் நோய் கண்டால் மருத்துவனுக்கும் மருந்துக்கும் பணம் ஏது என்று வினவுகிறாள். பணம் வாங்காமல் எம் மக்களுக்கு மருத்துவம் பார்க்கும் அளவுக்கு மனிதனாக இருந்த மருத்துவன் உங்களுள் எவனேனும் உண்டா என்று கேட்டு நிறுத்துகிறாள்.

தோழர்களே, அப்பகுதி எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நிலத்தைப் பறித்தது, கல்வியை மறுத்தது, பேஷ்வா ஆட்சியில் மனிதரைக் கழுதையினும் கீழாக மதித்தது ஆகியவற்றைச் சொல்லிவரும் அதே வரிசையில், அதே மூச்சில், பிள்ளைப்பேற்றின் துயரையும் அவள் சொல்கிறாள். நோயைத் தனியே எடுத்து வைத்து, "ஐயோ, எங்கள் பெண்கள் நோயாளிகள், மருந்து கொடுங்கள்" என்று கையேந்தவில்லை. குற்றப்பத்திரிகை ஒன்றை எழுதி, அதன் ஒரு பிரிவாக இதையும் சேர்க்கிறாள். கூரை இல்லாமை ஒரு நோய் அன்று. குளிர் ஒரு நோய் அன்று. காசு இல்லாமையும் நோய் அன்று. ஆனால் இவை மூன்றும் கூடினால் பெண் சாகிறாள். அவ்வாறாயின் அவளைக் கொன்றது எது? கருப்பையா? காய்ச்சலா? அல்லது அவள் தலைக்குமேல் கூரை நிற்கவிடாத சமுதாயமா?

இங்கேதான் இரக்கமும் நீதியும் பிரியும் இடம் வருகிறது.

இரக்கம் தீயதென்று நான் கூறவில்லை. துடிக்கும் உயிரைக் கண்டு துடிக்காத நெஞ்சு மனித நெஞ்சு அன்று. ஆனால் இரக்கத்துக்கு ஒரு குறை உண்டு. கொடுப்பவன் விருப்பம் அது. விரும்பினால் தருவான், விரும்பாவிட்டால் நிறுத்துவான். யாருக்குத் தருவது என்பதையும் அவனே முடிவு செய்வான். பெறுகின்றவள் நன்றி கூறலாம். கணக்குக் கேட்க இயலாது. நீதியோ கடன். கடனைக் கேட்பதற்குக் கூனிக் குறுக வேண்டியதில்லை. தராதவன்தான் தலைகுனிய வேண்டும்.

இதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது நுழைந்த முதல் நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கில அம்மையார். ஆண் மருத்துவர் முன் வர மறுத்தும், மறுக்கவைக்கப்பட்டும் மடிந்த இந்நாட்டுப் பெண்களின் நிலை கண்டு மருத்துவம் பயின்றவர். 1885-இல் அவர் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அரிய தொண்டு, ஐயமில்லை. ஆனால் அதன் பெயரைக் கேளுங்கள்: சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை! உயிர் காக்கும் இடத்தின் பெயரிலேயே சாதி! அன்று இச்சமுதாயத்தில் மருத்துவமனை நடத்த வேண்டுமானால் சாதியிடம் சீட்டு வாங்கித்தான் நடத்த வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணியில் அரசினர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இன்று எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது அது. மக்கள் வாயில் மட்டும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்ற பழைய பெயர் மறையவில்லை. பெயரிலிருந்து சாதியை நீக்கியது இரக்கம் அன்று, உரிமை உணர்ச்சி.

ஆனந்திபாய் ஜோஷியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஒன்பது வயதில் மணமுடிக்கப்பட்டவர். பதினான்கு வயதில் ஈன்ற குழந்தை பத்தே நாளில் மாண்டது. அந்தத் துயரிலிருந்து எழுந்தவர், 1883-இல் வங்கத்துச் சீராம்பூரில் கூட்டத்தின் முன் நின்று, தாம் ஏன் அமெரிக்கா சென்று மருத்துவம் பயில வேண்டும் என்பதற்குக் காரணம் காட்டிப் பேசினார். பெண் மருத்துவர் இல்லாமையால் இந்நாட்டுப் பெண்கள் படும் துன்பத்தை எடுத்துரைத்தார். 1886-இல் பென்சில்வேனியாவில் பட்டம் பெற்றார். 1887-இல், இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே, எலும்புருக்கி நோய்க்கு இரையானார். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், பழைய ஆசாரங்களைக் கைவிட மாட்டேன் என்றவர் என்பதற்காக அவர் துணிவை நாம் குறைத்து மதிப்பிடல் முறையன்று. வைதீகம் தன் மகளிரையும் எப்படி வதைத்தது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

எனினும் இரு மாணவியரின் கேள்விகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்றார் ஆனந்திபாய். அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, மருத்துவன் இருந்தாலும் பணம் வாங்காமல் எங்களுக்கு மருத்துவம் பார்ப்பானா என்று கேட்டுவிட்டாள் முக்தா. முன்னது மருத்துவத்தில் உள்ள குறையைச் சுட்டியது. பின்னது மருத்துவத்துக்கு வெளியே உள்ள அநீதியைச் சுட்டியது. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் நிறைவேற்றினால், மருத்துவமனை எழும். அதன் வாயிலில் சாதியும் காசும் காவல் நிற்கும்.

"சரி, மருத்துவம் அறியாத ஒரு சிறுமிக்கு இதில் என்ன அறிவு இருக்க முடியும்?" என்று கேட்பர் சிலர். நல்ல கேள்வி. விடையை வியன்னா நகரம் தரும்.

அந்நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பேறு பார்த்தனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தனர். படித்தவர் பார்த்த முதற்பிரிவில்தான் பேறுகாலக் காய்ச்சலால் தாய்மார் மிகுதியாக மாண்டனர். ஏழைப் பெண்களுக்கு அது தெரியும். எங்களை இரண்டாம் பிரிவிலேயே சேருங்கள் என்று கெஞ்சினர். கற்றவரோ காற்றின் மீதும் காலநிலையின் மீதும் பழி போட்டனர். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என்று 1847-இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்து, குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்தார். அதற்கு முந்திய ஆண்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்த சாவு, அடுத்த ஆண்டில் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. காரணத்தைக் கண்டவர் மருத்துவர். ஆனால், அந்த இடத்தில் ஏதோ கேடு இருக்கிறது என்பதை அவருக்கு முன்னே அறிந்தவர்கள் கெஞ்சிய அந்தப் பெண்களே. பட்டவர் சொல்லும் ஓர் அறிவு. அதைக் கேளாத படிப்பு அரைப்படிப்பு. முக்தா மருத்துவம் கற்றவள் அல்லள். ஆனால் குளிரில் பிள்ளை பெற்றவர் நடுவே வளர்ந்தவள். அவளிடம் பட்டமில்லை, சான்று இருந்தது.

"மாணவர் கடமை படிப்பது மட்டுமே" என்பது மற்றொரு மறுப்பு. படிப்பு எதற்கு? எழுத்தறிந்தவுடன் முக்தா செய்த முதல் வேலை, எழுத்தறியாத தன் மக்களின் துயரை எழுதியதுதான். நீங்கள் ஏழைகள், நோயாளிகள். அறிவு என்னும் மருந்தே உங்களைக் குணப்படுத்தும் என்ற கருத்தைத் தன் மக்களை நோக்கி அவள் சொன்னாள். கல்வி அவளுக்கு அணிகலன் அன்று. தன் மக்களிடம் பட்ட கடன்.

ஆனால் பிறருக்காகப் பேசுவதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. அதை மறைத்தல் நேர்மையன்று. பேசுகிறவன் குரல் ஓங்க ஓங்க, யாருக்காகப் பேசுகிறானோ அவர் குரல் அமிழ்ந்துபோவதுண்டு. நாட்டுக்கு நலம், குடும்பத்துக்கு நலம், குழந்தைக்கு நலம் என்றெல்லாம் சொல்லிப் பெண்ணின் உடலைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்வதுண்டு. இதை முதலில் கண்டு தெளிவாகச் சொன்னவருள் ஒருவர் தந்தை பெரியார். பிறர் கருத்தடையை ஆதரித்தபோது தாயின் உடல்நலம், குடும்ப வறுமை, நாட்டின் மக்கட்பெருக்கம் ஆகியவற்றைக் காரணம் காட்டினர். பெரியாரோ, பெண் விடுதலை பெறவும் தன் விருப்பப்படி வாழவும் அது வேண்டும் என்றார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைப் படித்தோர் இவ்வேறுபாட்டை அறிவர். நலம் வேண்டும் என்பது மட்டும் போதாது. அந்நலத்தின் உடைமையாளர் அவளே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாடு நன்றாக இருக்க வேண்டும் என்று உழவனும்தான் விரும்புகிறான்! எனவே நம் பேச்சுக்கு ஓர் உரைகல் வைத்துக்கொள்வோம்: நாம் பேசிய பிறகு அவள் பேசுவது எளிதாயிற்றா, அரிதாயிற்றா? எளிதாயிற்றெனில் அது தொண்டு; அரிதாயிற்றெனில் அது வெறும் மேடை.

முக்தாவின் கேள்விக்கு விடை கிடைத்ததா? நாற்பது ஆண்டுகள் கழித்து, அவள் படித்த அதே வீட்டிலிருந்து கிடைத்தது. விதவையாகிக் கருவுற்ற பெண்கள் ஊராரின் பழிக்கு அஞ்சிக் குழந்தையைக் கொல்லாமலிருக்க, புலே இணையர் 1863-இல் ஒரு காப்பகம் நடத்தினர். பார்ப்பன விதவை ஒருத்திக்குப் பிறந்த மகன் யசுவந்தைத் தம் மகனாக ஏற்றனர். அவர் மருத்துவரானார். 1897-இல் புனேயைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, யசுவந்தும் சாவித்திரிபாயும் நோயுற்றோருக்கு மருத்துவம் பார்த்தனர். தீண்டப்படாத வகுப்புச் சிறுவன் ஒருவனைச் சாவித்திரிபாய் சுமந்து வந்தார் என்றும், அந்நோய் அவரையும் பற்றிக்கொண்டது என்றும் வரலாறு கூறும். அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார். மனிதனாக இருந்த மருத்துவன் உண்டா என்று மாணவி கேட்டாள். மகனை மருத்துவனாக்கித் தன் உயிரையும் விடையாகத் தந்தார் ஆசிரியை! ஆனால் ஓர் ஆசிரியையின் ஈகம் ஒரு சமுதாயத்தின் கடனைத் தீர்க்குமா? தீர்க்காது, தீரவும் இல்லை.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற நிலையிலோ, பேற்றிலோ, அதையடுத்தோ மாண்டனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இரண்டு நிமிடத்துக்கு ஒருத்தி! பத்தில் ஒன்பதுக்கு மேல் வறுமையுற்ற நாடுகளிலும், அவற்றுக்கு அடுத்த படியில் நிற்கும் நாடுகளிலும் நேர்ந்த சாவுகள். இந்தியாவில் 2018 முதல் 2020 வரை எடுத்த கணக்கில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு மாண்ட தாய்மார் 97 பேர். கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அசாமில் 195. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே மருத்துவ நூல். அசாமியப் பெண்ணின் தலையெழுத்தை மட்டும் பிரமன் பத்து மடங்கு அழுத்தி எழுதினானோ? செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் 2021-இல் வெள்ளைப் பெண்களுக்கு 26.6 என்றிருந்த அதே கணக்கு கறுப்பினப் பெண்களுக்கு 69.9. அங்கே பிரமன் இல்லை, நிறவெறி இருக்கிறது. விதி என்பது உண்மையானால் அது மாநில எல்லையையும் தோல் நிறத்தையும் பார்த்தா வேலை செய்யும்?

தாய்மார் சாவதற்கு மூன்று தாமதங்களைக் காரணமாகக் காட்டினர் தாதியஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர், 1994-இல். மருத்துவரை நாடலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனையை அடைவதில் தாமதம். அடைந்தபின் தக்க மருத்துவம் கிடைப்பதில் தாமதம். முதல் தாமதத்தில் மாமியாரும் கணவனும் சோதிடமும் இருக்கிறார்கள். இரண்டாவதில் சாலையும் வண்டியும் காசும். மூன்றாவதில் அரசும் மருத்துவரும். கூரை, காசு, மனிதனான மருத்துவன் என்று முக்தா எழுதியதையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வாளர் 1994-இல் வகுத்துரைத்ததில் பெரும்பகுதியை, பள்ளிச் சிறுமி 1855-இல் பட்டறிவால் சொல்லிவிட்டாள்.

நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள் என்று 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டிற்று. பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். நல்ல ஏற்பாடு. மாத்திரையை விழுங்கிவிட்டு வீடு செல்லும் பெண், ஆண்கள் உண்டு முடித்தபின் மிச்சத்தை உண்கிறாள். மாதவிலக்கு நாட்களில் பெண்களை ஊருக்கு வெளியே 'முட்டுவீட்டில்' தங்கவைக்கும் வழக்கம் மதுரைப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் இந்த நூற்றாண்டிலும் இருந்துவருகிறது. மாத்திரை குருதியில் சேரும். 'தீட்டு' என்னும் சொல் நெஞ்சில் நஞ்சாகச் சேர்ந்துகொண்டே இருந்தால், எத்தனை மாத்திரை போதும்? ஆசிரியராகிய நாம் மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். உன் குருதி ஏன் குறைந்தது என்ற காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது கல்வி.

ஆகவே இளைஞர்களே, மாணவ மாணவியரே, உங்கள் ஊரில் ஒருத்தி பேற்றில் இறந்தால், "எந்த நேரத்தில் வலி கண்டது? யார் போகலாம் என்றார்? யார் பொறு என்றார்? வண்டி எப்போது வந்தது? மருத்துவர் எப்போது பார்த்தார்?" என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதியதை ஊர்க்கூட்டத்தில் படியுங்கள். அவள் தாய்க்கும் தங்கைக்கும் முதலில் பேச இடம் கொடுங்கள். அவர்கள் தயங்கினால் மட்டும் நீங்கள் தொடங்கிவையுங்கள். வீட்டில் தங்கையின் தட்டைப் பாருங்கள். உங்கள் தட்டிலிருப்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தீட்டு என்ற சொல்லை உங்கள் வாசலோடு நிறுத்துங்கள். இவற்றுக்குப் பட்டம் வேண்டியதில்லை, பதவி வேண்டியதில்லை, பதினான்கு வயதுகூட நிரம்ப வேண்டியதில்லை.

"உனக்கு ஏனம்மா இந்த வேலை? நல்ல மனம் உனக்கு!" என்று எவரேனும் பாராட்டினால், பணிவோடு மறுத்துச் சொல்லுங்கள்: "நான் இரக்கப்பட்டு வரவில்லை ஐயா, கணக்குக் கேட்க வந்திருக்கிறேன்."